எம்.டி. பெத்தாலஜி (நோய்க்குறியியல்) முடித்துவிட்டு ரத்த உறைவு லேப் பக்கம் போனால் எதிர்காலம் இருக்கிறதா?

தாராளமாகப் போகலாம். ஆனால் நோயாளி வந்து "நீங்கதான் சார் காப்பாத்தினீங்க" என்று கும்பிட வேண்டும் என்ற ஆசை இருந்தால் வேறு துறை பாருங்கள். சென்னையில் மருத்துவக் கல்லூரியில் பாடமும் எடுத்துக்கொண்டு இந்த லேப்பையும் கவனிக்கிறேன், சொந்தக்காரர்களுக்கு இன்னமும் நான் 'ரத்தம் டெஸ்ட் பண்றவர்'தான்.

தினசரி வேலையில் பாதி, வார்டுக்கு போன் போட்டுக் கேள்வி கேட்பது. நீல மூடி டியூபில் ரத்தத்தை உறையாமல் வைக்கிற சோடியம் சிட்ரேட் இருக்கும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கு. அரை டியூப் ரத்தம் மட்டும் வந்தால் சிட்ரேட் மிஞ்சிப்போய், நன்றாக இருக்கிற ஆளுக்கே ரத்தம் உறைய நேரமாகிற மாதிரி காட்டும், அதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், தேவையில்லாமல் பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றுவார்கள். உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெபாரின் மருந்து ரத்தத்தோடு கலந்து வந்தாலும் இதே கதைதான். அதனால் "சிஸ்டர், ஹெபாரின் போற லைன்ல இருந்து எடுத்தீங்களா?" என்று கேட்காமல் நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதில்லை.

அப்புறம் ருசியான பகுதி. பல் பிடுங்கப் போகிற பையன், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் இரண்டு டெஸ்டில் பி.டி. நார்மல், ஏ.பி.டி.டி. மட்டும் நீள்கிறது. அவன் பிளாஸ்மாவையும் நார்மல் பிளாஸ்மாவையும் சரிபாதி கலந்து மறுபடி பார்ப்போம். சரியாகிவிட்டால் ஏதோ ஃபேக்டர், அதாவது எண் போட்டு அழைக்கிற உறைதல் புரதங்களில் ஒன்று, குறைகிறது. எட்டா, ஒன்பதா என்று தேடுவதோடு, இந்த இரண்டின் குறைபாடும் தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவதால் தாய்மாமனுக்கு அடிபட்டால் ரத்தம் நிற்காதா என்றும் அம்மாவிடம் கேட்க வேண்டும். பன்னிரண்டாவது ஃபேக்டர் குறைவு என்றால் ரிப்போர்ட்தான் பயமுறுத்தும், பையனுக்கு ரத்தக்கசிவே இருக்காது. கலந்தும் சரியாகவில்லையா, உறைதலைத் தடுக்கிற தடுப்பான் ஏதாவது ரத்தத்தில் இருக்கலாம். அதில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்று ஒன்று, டியூபில் உறைவதைத் தாமதப்படுத்தும், உடம்பிலோ ரத்தக்கட்டி வரவைக்கும்! அதைக் கண்டுபிடிக்க நாங்கள் பயன்படுத்துவது கண்ணாடி விரியன் விஷம். அது பத்தாவது ஃபேக்டரை நேரடியாகத் தூண்டிவிடும். அதே பாம்பு கடித்து வருபவருக்கு உறைவதற்கான சரக்கெல்லாம் செலவாகிப்போய், சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்தாலும் ரத்தம் தண்ணியாகவே இருக்கும். பிளாஸ்டிக் குழாயில் இதைச் செய்யக் கூடாது, உறைதலைத் தொடங்கிவைப்பதே கண்ணாடியின் பரப்புதான். ஈ.சி.ஆரில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷம் எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்த பி.ஜி. மாணவர்களுக்கு இந்தப் பாடம் தனியாக எடுக்க வேண்டியதில்லை.

காசு விஷயம்: கல்லூரி வேலையில் பெரிதாகச் சேராது, தனியார் லேப்பில் கூடுதல், ஆனால் பெரும்பாலும் கையெழுத்து வேலை. மேலே படிக்க டி.எம். ஹெமட்டோபெத்தாலஜி (ரத்த நோய்களின் லேப் பரிசோதனைக்கான மேற்படிப்பு) இருக்கிறது, மூன்று வருடம், டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பி.ஜி.ஐ. மாதிரி இடங்களில், சீட்டு கம்மி. எங்கே சேர்ந்தாலும் அங்கே மிக்ஸிங் ஸ்டடியும் (மேலே சொன்ன பிளாஸ்மா கலந்து பார்ப்பது) ஃபேக்டர் அஸ்ஸேயும் (ஒவ்வொரு ஃபேக்டரையும் அளப்பது) தாங்களே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். வெளியே அனுப்புகிற இடமென்றால் வேண்டாம்.