தண்ணீர் வசதி இல்லாத சரளை நிலம். வேலியாகவும் இருக்கணும், பூ மணக்கணும், காயும் தின்னக் கிடைக்கணும். என்ன செடி வைக்கலாம்?

களா வையுங்கள். நீங்கள் கேட்ட மூன்றும் ஒரே செடியில் வேண்டுமென்றால் நம் மண்ணுக்கு அதற்கு மேல் ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

நான் இருப்பது ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. எங்கள் மாந்தோப்பின் மேற்கு ஓரம் முழுக்கக் களா வேலிதான். மாங்கன்றுக்கு டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றிய வருஷத்தில்கூட அந்தப் பக்கம் யாரும் ஒரு குடம் கொண்டுபோனதில்லை, ஆனாலும் மாசி பங்குனியில் வழக்கம்போல வெள்ளை வெள்ளையாகப் பூத்து, சாயங்காலம் அந்த வழியாகப் போனால் மல்லிகைக் கூடையைத் திறந்து வைத்த மாதிரி மணம் வந்தது. வறட்சியைத் தாங்கும், சரளையைத் தாங்கும், கொஞ்சம் உவர் மண்ணையும் தாங்கும். வேரில் தண்ணீர் தேங்குவதை மட்டும் தாங்காது.

கஷ்டமெல்லாம் ஆரம்பத்தில்தான். விதையை எடுத்து வைத்து அடுத்த வருஷம் போடலாம் என்று நினைக்காதீர்கள், காய்ந்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். ஆடி ஆவணியில் கறுத்துப் பழுத்த பழத்தைப் பிசைந்து, சதையைக் கழுவி, அந்த வாரத்திலேயே பையில் ஊன்றிவிடுங்கள். நாற்று மெதுவாகத்தான் வளரும். அடுத்த மழைக்காலம் வரை பையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு நிலத்தில் நடலாம். வேலிக்கு என்றால் இரண்டு, மூன்று அடிக்கு ஒன்று, காய்க்காகத் தனியாக வளர்ப்பதென்றால் நன்றாகத் தள்ளி. முள் முற்றும்வரை ஆடு விடாது, அதனால் கருவேல முள்ளை வெட்டி மேலே போட்டு மூடிவிடுங்கள். முதல் கோடையில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் காட்டினால் போதும். விதைக் கன்று மூன்றாம் வருஷ வாக்கில் காய்க்கத் தொடங்கும். குச்சியை ஒடித்து நட்டால் பெரும்பாலும் பிடிக்காது. தாய்ச்செடி மாதிரியே காய் வேண்டுமென்றால் மழைக்காலத்தில் விண்பதியம் போடுவதுதான் வழி, அதாவது செடியில் இருக்கும்போதே கிளையின் பட்டையைச் சீவி, ஈரம் காக்கும்படி கட்டி வேர்விட வைப்பது.

அப்புறம் ஒரு விஷயம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. களா பூப்பது கிளை நுனியில். வேலி சுவர் மாதிரி நேராக இருக்க வேண்டும் என்று மாதாமாதம் கத்தரித்துக்கொண்டே இருந்தால் வேலி அழகாக இருக்கும், காய் இருக்காது. பறித்து முடித்ததும் ஒருமுறை வெட்டிவிட்டு, அதோடு விட்டுவிட வேண்டும்.

முள்ளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கணுவுக்குக் கணு ஜோடியாக நீட்டிக்கொண்டிருக்கும், விறைப்பான முள். உதிர்ந்த குச்சியை மிதித்தால் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். நடைபாதை ஓரத்திலும் பிள்ளைகள் விளையாடுகிற இடத்திலும் வேண்டவே வேண்டாம். காயைப் பறித்தவுடன் காம்பில் வெள்ளைப் பால் வடியும், விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும், அதற்கு முன்னாலேயே கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது. அரளி குடும்பம்தான் இது, அதனால் பால் வடிவதைப் பார்த்து சிலர் பயப்படுவார்கள். களாக்காயை ஊரே சாப்பிடுகிறது, பயம் வேண்டாம். ஆனால் பால் வடிகிற வேறு செடியின் காயை இதுதான் அது என்று நினைத்து வாயில் வைக்காதீர்கள்.

சரி, காயை என்ன செய்வது? இங்கே தெலுங்குக்கார வீடுகளில் வாக்காய பப்பு என்பார்கள். காயைக் கீறி விதையை எடுத்துவிட்டு, பச்சைமிளகாயோடு துவரம்பருப்பில் போட்டு வேகவைத்து, பூண்டு தாளித்துக் கொட்டுவது. புளியே தேவையில்லை, அவ்வளவு புளிப்பு. எங்கள் வீட்டில் ஊறுகாய்தான் அதிகம். காயைக் கல்லால் லேசாகத் தட்டி, உப்பில் ஊறவைத்து, அப்புறம் மிளகாய்த்தூளும் கடுகுப்பொடியும் நல்லெண்ணெயும். பழுத்ததை அப்படியே தின்னலாம், சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் பெக்டின் நிறைய இருப்பதால் ஜாம் தானாகவே உறைந்துவிடும். பேக்கரியில் கேக்கின் மேல் செர்ரி என்று வைக்கிறார்களே, அந்தச் சிவப்பு உருண்டை பெரும்பாலும் சர்க்கரைப்பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய்தான்.

நர்சரியில் வாங்கினால் காய்க்கிற நாட்டுக் களாதானா என்று கேட்டு வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த அலங்காரக் களா ஒன்றும் விற்கிறார்கள். பூ பெரிதாக இருக்கும், மணமும் உண்டு, பழுத்த பழத்தையும் தின்னலாம். ஆனால் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காவிட்டால் பூத்துப் பூத்து உதிர்ந்துகொண்டே இருக்கும். தொட்டியில் அழகுக்கு வைக்க அது நல்ல செடி, உங்கள் சரளை நிலத்து வேலிக்கு நாட்டுக் களாவே போதும்.