உங்கள் கியூப்சாட் ஈ3 அல்ல, ஈ2

உங்கள் கியூப்சாட் (சிறிய கனசதுர வடிவச் செயற்கைக்கோள்) நேரப்பட்டியலை ஏற்றிவிட்டால் தானே படமெடுக்கிறது, பேட்டரி இறங்கினால் தானே சேஃப் மோடுக்கு (பாதுகாப்பு நிலைக்கு)ப் போகிறது, எனவே அறிக்கையில் அதன் தன்னாட்சி நிலையை, அதாவது தானே இயங்கும் திறனின் படியை, ஈ3 என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். ஐரோப்பிய விண்வெளித் துறையின் இசிஎஸ்எஸ் தரநிலைப்படி அது ஈ2 தான். ஈ1 முழுக்கத் தரைக்கட்டுப்பாடு. முன்கூட்டியே ஏற்றிய பட்டியலை ஓட்டுவது ஈ2. ஈ3 என்றால், மேலே நடப்பதைப் பார்த்துச் செயற்கைக்கோளே வேலையை மாற்ற வேண்டும். இலக்கை மட்டும் சொன்னால் திட்டத்தையே அது போட்டுக்கொள்வது ஈ4.

மேலேயே பார்த்து வேலையை மாற்றுவது எப்படி இருக்கும் என்பதற்கு நாசாவின் இஓ-1 செயற்கைக்கோளைப் பாருங்கள். 2003இல் தொடங்கிய சோதனையில், எடுத்த படத்தை அதன் மென்பொருள் அங்கேயே அலசியது. எரிமலைச் சூடு தெரிந்தால், அதே இடத்தை மறுபடி எடுக்கத் தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது. எவ்வளவு அழகான வேலை!

அப்புறம், சேஃப் மோடை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கோளாறு சமாளிப்புக்குத் தனி அளவுகோல் உண்டு: பாதுகாப்பான நிலைக்குப் போவது எஃப்1, தானே வழக்கமான பணிக்குத் திரும்புவது எஃப்2. பேட்டரி ஏறிய பிறகும் உங்களுடையது தரைக் கட்டளைக்குக் காத்திருந்தால் ‘ஈ2, எஃப்1’ என்று எழுதுங்கள். ஈ3 வேண்டுமென்றால், மேகம் மறைத்த படத்தை மேலேயே கண்டுபிடித்து, மறுபடி எடுக்க நேரம் ஒதுக்கும் நிரலைச் சேர்த்துப் பாருங்கள்.