கணவர் இறந்தபின் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள் – பதில்

சகோதரி, கணவர் இறந்த பிறகு, உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி மாமியார் வீட்டார் வெளியேறச் சொல்வதாகவும், வக்கீலுக்குப் பணமில்லை, வழக்குப் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

உங்களை வெளியேற்ற அவர்களுக்கு உரிமையில்லை. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 29ஆம் பிரிவு, நீங்கள் வாழ்ந்துவந்த அந்தக் கூட்டு வீட்டிலேயே தொடர்ந்து வசிக்கும் உரிமையைத் தருகிறது. அவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அடிதடி என்றால் மட்டும் தாமதிக்காமல் பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழையுங்கள், உயிர்தான் முதலில்.

வக்கீல் செலவு? மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, வக்கீலை இலவசமாக நியமிப்பார்கள். முதலில் சட்ட உதவி எண்ணான 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். மனு வாங்குமிடத்தில் "வீட்டை விட்டுத் துரத்துகிறார்கள்" என்றால் போதும். நோய் விவரத்தை வக்கீலிடம் தனியாகச் சொல்லுங்கள், பலர் நிற்கும் இடத்தில் வேண்டாம்.

பெயர் வெளியே தெரியாமலிருக்க அதே எச்.ஐ.வி. சட்டத்தின் 34ஆம் பிரிவு இருக்கிறது: புனைபெயரில் வழக்கு நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும், செய்தி வெளியிடத் தடை கேட்கவும் முடியும். இதை முதல் மனுவிலேயே சேர்க்கும்படி வக்கீலிடம் வற்புறுத்துங்கள்; பெயர் ஒருமுறை பதிவாகிவிட்டால் மறைப்பது சிரமம். இப்படிப்பட்ட வழக்குகளை முன்னுரிமை தந்து முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

எச்.ஐ.வி. மாத்திரையை மட்டும் இந்த அலைச்சலில் விட்டுவிடாதீர்கள்.