டி.ஏ.பி.யோடு மக்னீசியம் சல்பேட் கலந்தால் ஏன் திரிகிறது?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் கரிசல் காட்டில் பருத்தி போட்டிருக்கிறேன். 60 நாள் பயிர். அடி இலைகள் சிவக்கின்றன. ஆள் கூலி மிச்சமாகட்டும் என்று டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரக் கரைசலிலேயே மக்னீசியம் சல்பேட்டையும் போட்டேன். பால் திரிந்த மாதிரி ஆகி நாசில் அடைத்துக்கொண்டது. வடிகட்டி அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் அய்யா. இலைக்குப் போக வேண்டிய மக்னீசியத்தில் பெரும்பகுதி வடிகட்டும் துணியிலேயே தங்கிவிடும்.

டி.ஏ.பி.யில் அம்மோனியம், பாஸ்பேட் இரண்டும் உண்டு. கரைசலும் லேசான காரத்தன்மை உள்ளது. அதில் மக்னீசியம் விழுந்ததும் மூன்றும் சேர்ந்து மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் என்ற வெள்ளை உப்பாகிவிடும். தண்ணீரில் அது கரைவது மிகவும் குறைவு. சிறுநீரகக் கல்லில் ஒரு வகை இதே உப்புதான். எவ்வளவு கலக்கினாலும் தெளியாது. ஆனால் அமிலத்தில் கரையும். நாசிலையும் சல்லடையையும் வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். டேங்கில் மிஞ்சியதைக் கொட்டி வீணாக்காதீர்கள், செடியின் வேரோரம் ஊற்றுங்கள். மண்ணில் மெல்லக் கரைந்து சத்தாகும்.

அடிப்பதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் சிவந்தால் மக்னீசியக் குறைதான். பச்சையத்தின் நடுவில் இருப்பதே மக்னீசியம். பற்றாக்குறை வந்தால் செடி அதை மூத்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு அனுப்பும், அதனால்தான் அடி இலை முதலில் சிவக்கிறது. ஓரம் சுருண்டு சிவந்திருந்தால் தத்துப்பூச்சியாக இருக்கலாம், அதற்கு மக்னீசியம் அடித்துப் பயனில்லை.

மக்னீசியக் குறை என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு மக்னீசியம் சல்பேட் 100 கிராம், யூரியா 100 கிராம் கலந்து மாலையில் தெளியுங்கள். யூரியா இதோடு திரியாது. சுண்ணாம்பு சேர்ந்த போர்டோ கலவை என்ற பூஞ்சாண மருந்தோடு மட்டும் சேர்க்காதீர்கள், அங்கே மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறிப் படிந்துவிடும். டி.ஏ.பி.யை ஒரு வாரம் கழித்துத் தனியாக அடிக்கலாம். 10 லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் முந்தின இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுங்கள்.

அப்புறம், கடையில் டோலமைட் (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) போடச் சொன்னால் வாங்க வேண்டாம். அது கரைய மண்ணில் அமிலத்தன்மை வேண்டும். காரத்தன்மை பக்கம் சாய்ந்த கரிசலில் அப்படியே கல்லாகக் கிடக்கும்.