நுரையீரல் பயாப்சி: ஊசியை விடுங்கள், பாட்டிலைப் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. ஊர் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம். நாற்பது வருஷமாகப் பீடி குடிக்கிறார். மூன்று மாதமாக இருமல், எடை ஆறு கிலோ குறைந்துவிட்டது. சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. சி.டி. ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்பகுதியில், விலாவை ஒட்டி, 3 செ.மீ. கட்டி என்கிறார்கள். ஊசி வைத்துச் சதை எடுக்க வேண்டுமாம். கட்டியில் ஊசி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று பெரியப்பா தடுக்கிறார். தெரிந்த ஒருவர், இதெல்லாம் எதற்கு, நேரே பெட் ஸ்கேன் எடுத்துவிடலாம், நானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பயாப்சியில் என்ன செய்வார்கள்? ரொம்ப வலிக்குமா?

பதில்: பெரியப்பாவின் பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடையம், ஆலங்குளம், சங்கரன்கோவில், எந்தப் பக்கத்திலிருந்து நோயாளி வந்தாலும் கூடவே இந்தப் பேச்சும் வருகிறது. ஊசி போன பாதையில் நோய் ஒட்டிக்கொள்வது உண்டா என்றால், உண்டு. ஆனால் ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட வராது. இப்போது பயன்படுத்துவது ஊசிக்குள் ஊசி. வெளி ஊசி ஒரு குழாய்போல கட்டியின் ஓரத்தில் நிற்கும். உள் ஊசி அதன் வழியாகப் போய்ச் சதையை வெட்டி, அதன் வழியாகவே திரும்பும். வெட்டிய சதை நெஞ்சுச் சுவரைத் தொடுவதே இல்லை. போடலாமா வேண்டாமா என்று வீட்டில் கூடிக் கூடிப் பேசுகிற இரண்டு மூன்று மாதத்தில்தான் கட்டி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்து அந்தத் 'தெரிந்த ஒருவர்'. பெட் ஸ்கேன் என்பது உடம்பில் சர்க்கரையை அதிகம் இழுக்கிற இடங்களை ஒளிரக் காட்டும் படம். புற்றுநோய் சர்க்கரையை இழுக்கும். காசநோயும் இழுக்கும். ஆறாத நிமோனியாவும் இழுக்கும். காசநோய் இவ்வளவு இருக்கிற நம் நாட்டில், ஒளிர்கிறது என்பதை மட்டும் வைத்து இன்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது. புற்றுநோய் என்று உறுதியான பிறகு அது எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கத்தான் பெட் ஸ்கேன் வேண்டும். இப்போது எடுத்தாலும் பயாப்சி தப்பாது, ஆயிரக்கணக்கில் பணம்தான் போகும். மருத்துவர் எழுதித் தராத ஸ்கேனுக்கு ஒருவர் வண்டி ஏற்பாடு செய்து கூட்டிப்போகத் துடிக்கிறார் என்றால், அந்த பில்லில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று யோசியுங்கள். மருத்துவர் எழுதிய சீட்டு எங்கே என்று மட்டும் கேளுங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இதைவிட மோசமான இன்னொரு வழி இருக்கிறது. 'காசநோயாகத்தான் இருக்கும், மாத்திரை போட்டுப் பார்ப்போம்' என்பது. சளியில் கிருமி இல்லை, சதை எடுத்துப் பார்க்கவும் இல்லை, ஆனால் ஆறு மாத மாத்திரை மட்டும் தொடங்கிவிடும். பீடி குடிக்கிற அறுபது வயதுக்காரருக்கு மேல் நுரையீரலில் கட்டி என்றால் அது காசநோயாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாத்திரைக்குக் கேட்கிறதா பார்ப்போம் என்று காத்திருந்து, ஆபரேஷன் செய்திருக்கக்கூடிய கட்டி கைமீறிப் போவது இங்கே அரிதான காரியம் இல்லை.

இனி, ஸ்டென்ட். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் என்று பெரும்பாலும் இரண்டு மருந்து சாப்பிடுவார்கள். பயாப்சிக்குப் பொதுவாக க்ளோபிடோக்ரெலை 5 நாள் முன்னதாக நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரினைச் சில இடங்களில் நிறுத்துவார்கள், சில இடங்களில் தொடரச் சொல்வார்கள். சிக்கல் என்னவென்றால், நம் மருந்துக் கடைகளில் இந்த இரண்டும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்து கிடைக்கிறது. கொழுப்பைக் குறைக்கிற மருந்தையும் சேர்த்து மூன்றும் ஒன்றாக வருவதும் உண்டு. 'அந்த மாத்திரையை நிறுத்துங்க' என்று சொன்னால் மூன்றும் நின்றுவிடும். 'ஆஸ்பிரினை விடாதீங்க' என்று சொன்னால், க்ளோபிடோக்ரெலும் சேர்ந்தே உள்ளே போகும். அதனால் பயாப்சி மேஜையில் ரத்தக் கசிவு அதிகமாகும். போதாக்குறைக்கு, கடையில் இந்த மாதம் ஒரு கம்பெனி, அடுத்த மாதம் வேறு கம்பெனி. ஆகவே மாத்திரையின் பெயரைச் சொல்லாதீர்கள், அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். தேவையானால் ஆஸ்பிரினை மட்டும் தனி மாத்திரையாக அந்த ஐந்து நாளுக்கு எழுதித் தருவார்கள்.

நிறுத்துவது ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரைக் கேட்டுத்தான். உங்கள் அப்பாவுக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டதால் அநேகமாக அவர் சரி என்பார். இதே கேள்வியை ஸ்டென்ட் வைத்து மூன்று மாதமே ஆன ஒருவருக்காகக் கேட்டிருந்தால் பதில் முற்றிலும் வேறு: தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். ஊசிக்குப் பயந்து மாரடைப்பில் போய் விழக் கூடாது. ஸ்கேன் அறையில் இருப்பவர் போனில் 'நிறுத்திட்டு வாங்க' என்று சொன்னது உத்தரவு ஆகாது. இதய மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள்: எதை, எந்தத் தேதியில் நிறுத்துவது, எந்தத் தேதியில் மறுபடி தொடங்குவது. தொடங்கும் தேதியைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

முன்கூட்டி ரத்தப் பரிசோதனை செய்வார்கள். தட்டணுக்கள் 50,000-க்கு மேல், ரத்தம் உறையும் ஐ.என்.ஆர். அளவு 1.5-க்குக் கீழ் இருக்க வேண்டும். முந்தின இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுங்கள். காலையில் காப்பியும் வேண்டாம். பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரை இருந்தால் பட்டினி வயிற்றில் வேண்டாம். கழுத்துச் செயின், தாயத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சாரமும் (லுங்கி) முன்பக்கம் பட்டன் வைத்த சட்டையும் போதும். இருமல் அடங்காமல் வருகிறது என்றால் அதை முன்பே சொல்லுங்கள். இருமலை அடக்க மருந்து கொடுத்துவிட்டுத்தான் மேஜையில் ஏற்றுவார்கள், ஏனென்றால் ஊசி உள்ளே இருக்கும்போது இருமினால் நுரையீரலின் உறை கிழியலாம்.

சி.டி. மேஜையில் கட்டி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து மல்லாக்கவோ குப்புறவோ படுக்க வைப்பார்கள். தோலில் கோடு போட்ட ஒரு பட்டையை ஒட்டி ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறிப்பார்கள். மஞ்சள் மருந்து தடவி மரப்பு ஊசி போடுவார்கள். அது ஒரு கடி, அவ்வளவுதான். பிறகு வெளி ஊசி விலா எலும்பின் மேல் ஓரமாகப் போகும். ரத்தக் குழாய் விலாவின் கீழ் ஓரத்தில் ஓடுவதால் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். நுரையீரலின் உறையைத் தாண்டும் நொடியில் ஒரு சுருக் இருக்கும். வலி என்று சொன்னால் அதுதான். நகர்த்த நகர்த்த மறுபடி படம் பார்ப்பார்கள், அந்தச் சமயத்தில் அப்பா அசையக் கூடாது, பேசக் கூடாது. 'மூச்சைப் பிடிங்க' என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு மூச்சைத்தான் பிடிக்க வேண்டும். ஒரு தடவை ஆழமாக, ஒரு தடவை அரைகுறையாகப் பிடித்தால் கட்டி இடம் மாறிவிடும். இதை வீட்டில் பத்து விநாடி, பத்து விநாடியாகப் பழக்குங்கள். கடைசியில் 'டக்' என்று ஸ்பிரிங் சத்தம் கேட்கும், சதை வெட்டுப்பட்டுவிட்டது. மூன்று நான்கு முறை அந்தச் சத்தம் வரும். வெளி ஊசி ஒரே இடத்தில்தான் இருக்கும், ஆகவே நான்கு முறை குத்தினார்கள் என்று வெளியில் வந்து சண்டை போடாதீர்கள். கிடைப்பது சேமியாத் துண்டு மாதிரி ஒன்றரை செ.மீ. சதை. எல்லாம் சேர்த்து அரை மணி, முக்கால் மணி நேரம்.

முடிந்ததும் குத்திய பக்கம் கீழே இருக்கும்படி ஒன்றிரண்டு மணி நேரம் படுக்க வைப்பார்கள். உடம்பின் பாரமே துளையை அமுக்கி அடைத்துக்கொள்ளும். மார்பு எக்ஸ்ரே ஒன்று அல்லது இரண்டு எடுப்பார்கள். ஏனென்றால் நூறில் பதினைந்து இருபது பேருக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் காற்றுக் கசியும். பீடி குடித்து நுரையீரல் நைந்துபோனவர்களுக்கு இன்னும் அதிகம். பெரும்பாலும் ஆக்ஸிஜன் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலே வற்றிவிடும். ஐந்தாறு பேருக்கு விலாவில் ஒரு சின்னக் குழாய் வைத்து, தண்ணீர் பாட்டிலில் இணைத்து, இரண்டு மூன்று நாள் வைத்திருக்க நேரும். அன்றைக்கும் மறுநாளும் சளியில் ரத்தக் கீற்று வந்தால் பயமில்லை.

பயப்பட வேண்டியது இது: மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போவது, திடீர் நெஞ்சு வலி, கரண்டிக் கணக்கில் ரத்தம் வருவது, மயக்கம். 108-க்கு அழையுங்கள். எந்த மருத்துவமனையில் இறங்கினாலும் முதல் வார்த்தையாக 'நேற்று நுரையீரலில் பயாப்சி செய்தது' என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் இளைப்பு என்று நினைத்து ஆவி பிடிக்கவைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முக்கூடல் திருநெல்வேலியிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் என்பதால் அன்று மாலையே திரும்பலாம். மலையடிவார ஊர்க்காரர்கள் அந்த இரவு பாளையங்கோட்டையிலோ ஜங்ஷனிலோ தங்குவது நல்லது. பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகாதீர்கள். ஒரு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் எப்படியோ நடந்துவிடும். கெட்டுப்போவது இதற்குப் பின்னால்தான்.

எடுத்த சதை இரண்டு பாட்டிலில் போக வேண்டும். ஒன்றில் ஃபார்மலின் என்கிற, சதை கெடாமல் காக்கும் திரவம், அது நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு, புற்றுநோயைக் கண்டுபிடிக்க. இன்னொன்றில் நார்மல் சலைன், அதாவது உப்பு நீர். அது காசநோய்க் கிருமியைத் தேடுவதற்கு, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கும், கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், பிறகு வளர்க்க முடியாது. அவசரத்தில் எல்லாத் துண்டையும் ஃபார்மலினிலேயே போட்டுவிட்டு, வாரம் கழித்து 'புற்றுநோய் இல்லை, காசநோயாக இருக்கலாம், கல்ச்சர் பாருங்கள்' என்று அறிக்கை வரும். பார்க்க என்ன இருக்கிறது? மறுபடி ஊசி. இந்தக் கூத்தை எத்தனை கூட்டத்தில் சொல்லியும் மாற்ற முடியவில்லை, ஆகவே வீட்டாரிடம் சொல்கிறேன். உள்ளே போகும் முன்பே கேளுங்கள்: 'சலைன் பாட்டில் ஒண்ணு வைக்கிறீங்களா?' காசநோய்ப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள். ஹைகிரவுண்ட் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டாலே போதும், ஏஜெண்ட் தேவையில்லை.

பெயர், வயது, வலது அல்லது இடது என்பது பாட்டிலின் பக்கவாட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். மூடியில் எழுதியிருந்தால் மாற்றி எழுதச் சொல்லுங்கள். மூடி மாறினால் ஆளே மாறிவிடும். ஃபார்மலினில் சதை ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் இருந்தால்தான் பிறகு மரபணுப் பரிசோதனை சரியாக வரும். சனிக்கிழமை மத்தியானம் எடுத்து, ஞாயிறு லேப் பையன் வராமல், திங்கள் பண்டிகை என்றால் கணக்கு தவறிவிடலாம். திங்கள் முதல் வியாழனுக்குள் தேதி கேளுங்கள்.

முதல் அறிக்கை நாலைந்து வேலை நாளில் வரும். புற்றுநோய் என்றால், எந்த வகை என்று சொல்ல அதே சதையில் சாயப் பரிசோதனை இன்னொரு வாரம், மரபணுப் பரிசோதனை அதற்கும் மேல் இரண்டு வாரம் ஆகலாம். காசநோய்க் கல்ச்சர் ஆறு வாரம். இந்த நாட்களில் தினமும் போய் கவுன்டரில் நிற்பதால் எதுவும் முன்னால் வராது. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை கேட்டால் போதும். முதல்வரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்க்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் காட்டிவிடுங்கள். அது முன் அனுமதி வாங்கிச் செய்கிற திட்டம், முடிந்த பிறகு ரசீதைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள்.

அறிக்கையில் 'சதை போதவில்லை' என்றோ 'வீக்கம் மட்டும்' என்றோ வந்தால் புற்றுநோய் இல்லை என்று இனிப்பு வாங்கிவிடாதீர்கள். நூறில் பத்துப் பேருக்கு ஊசி கட்டியின் செத்த பகுதியிலோ ஓரத்திலோ போயிருக்கும். படமும் எடைக் குறைவும் சந்தேகம் தந்தால் மறுபடி எடுக்கத்தான் வேண்டும்.

நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, அறிக்கைக் காகிதத்தோடு திரும்பி வராதீர்கள். ஸ்லைடு என்கிற கண்ணாடித் தகட்டையும் மெழுகில் பதித்த சதைக் கட்டியையும், பிளாக் என்பார்கள், கேட்டு வாங்குங்கள். திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்துக்குப் போனாலும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். அது இல்லாவிட்டால் அங்கேயும் புதிதாக ஊசி போட நேரும். பிளாக் பார்க்கத் தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் சட்டம். உள்ளே இருப்பது மெழுகு. அக்னி நட்சத்திர வெயிலில் பைக் சீட்டுக்கு அடியிலோ காரின் முன்கண்ணாடிக்குக் கீழோ வைத்தால் இளகிவிடும். துணிப்பையில் போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது பிளாக்கின் மேல் உள்ள எண்ணும் அறிக்கையில் உள்ள பயாப்சி எண்ணும் ஒன்றா என்று சரிபார்த்த பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள்.