நாயகியின் வேலையைச் சேனல் நிறுத்தச் சொன்னால்

வணக்கம். உங்கள் டிவி தொடரில் நாயகி வங்கி வேலைக்குப் போகும் ட்ராக்கை, அதாவது கதைப்போக்கை, 40 எபிசோடுக்கு எழுதி வைத்திருந்தீர்கள். ஒரு வாரம் டிஆர்பி சரிந்ததும் அதை நிறுத்தி மாமியார் சதியைக் கொண்டுவரச் சொல்கிறது சேனல். டைட்டிலிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். நானும் இந்த வேதனையைப் பட்டவன். தொடர் யார் பணத்தில் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். தயாரிப்பாளரே ஸ்லாட்டை, அதாவது ஒளிபரப்பு நேரத்தை, வாங்கி விளம்பரம் பிடித்த காலத்தில் கதையில் அவர் சொல்தான் எடுபட்டது. இப்போது பெரும்பாலும் சேனலே எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுத்து உரிமையையும் வாங்கிக்கொள்கிறது. அதனால் வெறுமனே மறுப்பதைவிட மாற்று ட்ராக்கோடு போங்கள். மாமியார் சதி வேண்டுமா, சரி, அந்தச் சதி அவள் வேலையைக் குறிவைத்தே நடக்கட்டும். வேலை கதைக்குள்ளேயே இருக்கும். வியாழக்கிழமை ரேட்டிங் வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள், எண் குறைந்து வந்துவிட்டால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அப்புறம், ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். உரிமையை எழுதிக்கொடுத்த பிறகும், எழுதியவர் நீங்கள்தான் என்று கோரும் உரிமையை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு உங்களிடமே விட்டுவைக்கிறது. அந்த 40 எபிசோடின் சுருக்கத்தை இன்றே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள், தேதி பதிவாகிவிடும்.