எனேபிள் செய்தும் எழாத எஸ்எஸ்ஹெச்

கேள்வி: எங்கள் அச்சகத்தில் டெபியன் 12 சர்வர் ஒன்று ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக எழுந்துவிடுகிறது, எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் சர்வீஸ்) மட்டும் எழுவதில்லை. கீபோர்டைச் செருகி ஸ்டார்ட் கொடுத்தால் உடனே ஓடுகிறது. ஸ்டேட்டஸில் 'எனேபிள்டு', அதாவது பூட் ஆகும்போது தானாகக் கிளம்பும், என்றுதான் இருக்கிறது. உள் நெட்வொர்க்குக்கு மட்டும் கிடைக்கட்டும் என்று எஸ்எஸ்ஹெச் எந்த முகவரியில் இணைப்புகளை ஏற்கும் என்று சொல்லும் லிசன்அட்ரஸில் 192.168.1.10 வைத்திருக்கிறேன். பூட்டின் முடிவில் ஓடும் ஆர்சி.லோக்கல் ஸ்கிரிப்டில் ஸ்லீப் 30 போட்டு (30 விநாடி காத்திருந்து) ஸ்டார்ட் செய்யலாமா? – வாசகர் ஒருவர்

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். கரண்ட் வந்து சுவிட்சும் ரூட்டரும் மெதுவாக எழும் நாளில் அந்த 30 விநாடி போதாது.

இந்த பூட்டில் எஸ்எஸ்ஹெச் எழுதிய லாகைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல் -யு எஸ்எஸ்ஹெச் -பி' கொடுத்துப் பாருங்கள். 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்' என்ற வரி அநேகமாக இருக்கும். எஸ்எஸ்ஹெச் கிளம்பிய நேரத்தில் 192.168.1.10 அந்தக் கணினிக்கு இன்னும் வந்து சேரவில்லை, அதுதான் விஷயம். எனேபிள் செய்தால் மல்டி-யூசர்.டார்கெட்.வான்ட்ஸ் ஃபோல்டரில் சர்வீஸ் ஃபைலைச் சுட்டும் ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) விழும், அவ்வளவே. எதற்குப் பிறகு கிளம்ப வேண்டும் என்பது சர்வீஸ் ஃபைலில் இருக்கிறது. டெபியன் அங்கே எழுதியிருப்பது ஆஃப்டர்=நெட்வொர்க்.டார்கெட். டார்கெட் என்பது பூட்டில் வரும் ஒரு கட்டத்தின் பெயர். ஐபி முகவரி வந்தாயிற்று என்பதற்கு இந்த டார்கெட் எந்த உத்தரவாதமும் தராது. பெயரைப் பார்த்துப் பலரும் ஏமாறும் இடம் இது.

சர்வீஸ் ஃபைலில் ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியர் (தோற்றால் திரும்பக் கிளப்பு) இருந்தும் ஏன் மறுபடி முயலவில்லை என்று கேட்பீர்கள். அதே ஃபைலில், 255 என்ற எக்ஸிட் கோடுடன் (நிற்கும்போது தரும் எண்) நின்றால் திரும்பக் கிளப்பாதே என்று ஒரு வரி உண்டு. இணைப்புகளை ஏற்க முகவரியே கிடைக்காத எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச் சர்வீஸின் புரோகிராம்) அந்த 255-உடன்தான் நிற்கும்.

சரி, வழி என்ன? 'சிஸ்டம்சிடிஎல் எடிட் எஸ்எஸ்ஹெச்' கொடுத்து, [யூனிட்] என்ற தலைப்பின் கீழ் வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட், ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட் என இரண்டு வரிகளைச் சேருங்கள். இரண்டுமே வேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டும் சொல்லும். அந்த டார்கெட்டை இழுத்து வருவது வான்ட்ஸ்தான்.

அப்புறம் /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். டெபியன் இன்ஸ்டாலர் உங்கள் லேன் கார்டுக்கு 'அலவ்-ஹாட்பிளக்' (கார்டு தென்படும்போது கிளப்பு) என்று எழுதிவைத்திருக்கலாம். அப்படி இருந்தால் நெட்வொர்க் சர்வீஸ் அந்தக் கார்டுக்காகக் காத்திருக்காது, மேலே சொன்ன இரண்டு வரிகளும் வீணாகிவிடும். அதை 'ஆட்டோ' என்று மாற்றுங்கள். இந்த ஃபைலுக்குப் பதில் நெட்வொர்க்மேனேஜர் பயன்படுத்துபவர் என்றால் அதன் வெயிட்-ஆன்லைன் சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

என் சர்வரில் நான் லிசன்அட்ரஸே வைப்பதில்லை. எல்லா முகவரியிலும் இணைப்பை ஏற்கவிட்டு, வெளியார் வரும் வழியை என்எஃப்டேபிள்ஸ் என்ற ஃபயர்வாலில் அடைத்துவிடுகிறேன். ஐபி மாறினாலும் எஸ்எஸ்ஹெச் எழும். நீங்கள் எதைத் தேர்ந்தாலும், முதல் ரீபூட்டின்போது கீபோர்டும் மானிட்டரும் சர்வரிலேயே இருக்கட்டும்.